பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆற்றுப் பாடம்
புதுக்கோட்டை ஜில்லாக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கவனிக்கத்தக்க ஒரு விஷயம்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை அழைத்து ஆறுகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னால், கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா என்று வரிசையாக ஒப்பிக்கும். காவேரி குடகு நாட்டுத் தலைக்காவேரியில் பிறந்து, சுமார் 800 கிலோமீட்டர் ஓடி, வங்காள விரிகுடாவில் கலக்கிறது என்பதையும் தவறாமற் சொல்லும். அதே பிள்ளையிடம், "உங்கள் ஊர்க் கண்மாய்க்கு எந்தத் திசையிலிருந்து ஜலம் வருகிறது? கண்மாய் நிரம்பிக் கலிங்கில் வழியும் ஜலம் எந்த ஊருக்குப் போகிறது?" என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வராது. இது பிள்ளையின் குற்றமன்று. பாடம் வெகுதூரத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஊர் எல்லைக்குள் அது வந்து சேருவதில்லை.

இது உபாத்தியாயர்களைச் சேர்ந்த விஷயமாயிற்றே, கூட்டுறவுச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று அங்கத்தினர் சிலர் நினைக்கலாம். சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் தவணையில் திரும்புவது விளைச்சலைப் பொறுத்தது. விளைச்சல் கண்மாய் ஜலத்தைப் பொறுத்தது. கண்மாய் ஜலமோ வரத்துவாரியைப் பொறுத்தது. வாரி தூர்ந்தோ அடைபட்டோ போனால், வானம் பெய்தும் வயல் காயும். வாரி எங்கே ஓடிற்று என்பதை அறிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்களுக்குப் பின் அதை அறிந்திருக்க வேண்டியவர்கள் இன்று பள்ளியிற் படிக்கும் பிள்ளைகளே. ஆகையால் ஆற்றுப் பாடம் பரீக்ஷைக்குரிய பூகோள பாடம் மட்டுமன்று; ஊரின் சொத்துக் கணக்கும் ஆகும்.

1. இந்த ஜில்லாவின் ஆறுகள்

புதுக்கோட்டை ஜில்லாவில் வருஷம் முழுவதும் ஓடும் பேராறு ஒன்றும் இல்லை. இங்குள்ளவை மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் காட்டாறுகள். அவற்றுள் முதன்மையானது வெள்ளாறு. திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் மணப்பாறைப் பக்கத்து மேட்டு நிலங்களில் தொடங்கி, புதுக்கோட்டை நகருக்குத் தெற்கே சென்று, கிழக்கு நோக்கி ஓடி, மணமேல்குடியின் அருகே கடலிற் கலக்கிறது. பரங்கிப்பேட்டையில் கடலோடு சேரும் வடவெள்ளாறு வேறு, இது தென்வெள்ளாறு. பெயர் ஒன்றாயிருப்பதால் பிள்ளைகள் இரண்டையும் மயங்கிக்கொள்வதுண்டு. அதனை முதலிலேயே தெளிவித்துவிடுதல் நலம்.

பழங்காலத்தில் இந்தத் தென்வெள்ளாறு சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகக் கருதப்பட்டது. ஆற்றுக்கு வடபால் கோனாடு என்றும் தென்பால் கானாடு என்றும் வழங்கிற்று. குளத்தூர்ப் பக்கத்து நீரை ஏற்றுக் கிழக்கே போய்த் தஞ்சாவூர் ஜில்லாக் கடற்கரையிற் சேருவது அக்கினியாறு. ஆலங்குடிப் பக்கத்து நீரைக் கொண்டு செல்வது அம்புலியாறு. தெற்கே திருமயம் வழியாக ஓடுவது பாம்பாறு.

காவேரி இந்த ஜில்லாவின் வழியே ஓடுவதில்லை. ஆயினும் அதன் ஜலம் இங்கே வருகிறது. 1934ஆம் வருஷம் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அத்திட்டத்தைச் சேர்ந்த கல்லணைக் கால்வாய் தஞ்சாவூர் ஜில்லாவைக் கடந்து, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பக்கத்து ஏரிகளுக்கு ஜலம் தருகிறது. மும்பாலை ஏரியே அதன் கடைமடை. புதுக்கோட்டை நகரத்தார் குழாயிற் குடிக்கும் நீரிலும் காவேரி நீர் உண்டு. மேலும், காவேரியின் வெள்ள நீரை மாயனூர்க் கதவணையிலிருந்து வெள்ளாறு, வைகை, குண்டாறு ஆகியவற்றுக்குக் கொண்டுசெல்லும் இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21இல் இந்த ஜில்லாவைச் சேர்ந்த குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகவே, மேட்டுநிலத்துப் பிள்ளையும் தன் குவளை நீர் எந்த ஆற்றைச் சேர்ந்தது என்று கேட்டு அறிய இடமுண்டு.

2. ஆற்று மண்டலம் என்பது யாது?

இரு கரைகளுக்கும் நடுவே ஓடும் ஜலம் மட்டுமே ஆறு என்று எண்ணுவது பிழை. எந்த நிலத்திற் பெய்த மழை கடைசியில் அந்த ஆற்றை வந்து அடைகிறதோ, அந்த நிலம் முழுவதும், அதிலுள்ள ஓடைகள், வாரிகள், குளங்கள் யாவும் சேர்ந்ததே ஆற்று மண்டலம். ஓர் அரசிலையைக் கையிலெடுத்துப் பார்த்தால் இது விளங்கும். ஓரத்திலுள்ள மெல்லிய நரம்புகள் சற்றுத் தடித்த நரம்புகளிற் சேருகின்றன. அவை நடு நரம்பிற் சேருகின்றன. நடு நரம்பு காம்பிற் சேருகிறது. மெல்லிய நரம்புகள் ஊர் ஓடைகள், நடு நரம்பு வெள்ளாறு, காம்பு கடல்முகம்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இலைகளை வைத்தால், அவற்றின் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். அதுபோலவே இரண்டு ஆற்று மண்டலங்களின் நடுவே ஒரு மேடு இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் விழுந்த மழைத்துளி ஓர் ஆற்றையும், மறு பக்கத்தில் விழுந்தது மற்றோர் ஆற்றையும் சென்றடையும். அதற்கு நீர்ப்பிரி மேடு என்று பெயர். வீட்டுக் கூரையின் முகடும் ஒரு நீர்ப்பிரி மேடேயாகும். மழை பெய்யும்போது முன்வாசற் பக்கமும் கொல்லைப் பக்கமும் ஜலம் பிரிந்து விழுவதைப் பார்க்காத பிள்ளை இல்லை.

மனிதர் வகுக்கும் எல்லைகள் மாறும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச்சு 3இல் இந்திய யூனியனோடு சேர்ந்தது; திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஜில்லாக்களின் பகுதிகளைக் கொண்டு 1974 ஜனவரி 14இல் தனி ஜில்லா ஏற்பட்டது. இந்த மாறுதல்களால் ஒரு துளி ஜலமும் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. ஊர் எல்லைக் கல்லைக் கண்டு நின்றுவிடாமல், மேலூரிலிருந்து கீழூருக்கு ஓடுவதே ஜலத்தின் இயல்பு.

ஓடைகளை வரிசைப்படுத்த ஓர் எளிய விதி உண்டு. 1950களில் ஆர்தர் ஸ்ட்ராலர் என்னும் அமெரிக்க அறிஞர் அதனைப் பிரபலமாக்கினார். வேறு ஓடை சேராத தலையோடை 1ஆம் வரிசை. இரண்டு 1ஆம் வரிசை ஓடைகள் கூடினால் 2ஆம் வரிசை. இரண்டு 2ஆம் வரிசை ஓடைகள் கூடினால் 3ஆம் வரிசை. 2ஆம் வரிசை ஓடையில் 1ஆம் வரிசை ஓடை ஒன்று வந்து சேர்ந்தால் வரிசை உயராது. 2 ஆகவே இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஊர்ப் படத்தில் இந்த எண்களை இட்டுப் பழகலாம். பேராறு என்பது எத்தனை சிற்றோடைகளின் கூட்டு என்பது அப்போது தானே விளங்கும். பல சிறு சேமிப்புகள் கூடிச் சங்கத்தின் மூலதனம் ஆவதை அறிந்த அங்கத்தினர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

3. கண்மாய்த் தொடர்

இந்த ஜில்லாவில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 800 முதல் 950 மில்லிமீட்டர் வரை மழை பெய்கிறது. இதிற் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திற் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ஜலத்தை ஓடவிட்டுவிட்டால் பிற மாதங்களுக்கு இல்லை. ஆகையால் முன்னோர்கள் சரிவான நிலத்திற் படிப்படியாகக் கரைகளை எழுப்பினார்கள். புதுக்கோட்டை நகரை அடுத்த கவிநாட்டுக் கண்மாய் போன்ற பெரியவையும், சில ஏக்கர் மாத்திரம் பாயும் ஏந்தல்களுமாக, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நீர்நிலைகள் இந்த ஜில்லாவில் உள்ளன.

இவை தனித்தனியானவை அல்ல. மேற்கண்மாய் நிரம்பினால் மிகுந்த ஜலம் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. இவ்வாறு தொடர்ந்து சென்று, கடைசிக் கண்மாயின் மிகுநீர் ஆற்றிற் சேரும். ஆற்று மண்டலத்தின் சிறு நரம்புகளில் மனிதர் கோத்த மணிகளே கண்மாய்கள் எனலாம். இலங்கையின் வறண்ட பகுதியிலும் இத்தகைய குளத் தொடர்கள் உண்டு. அங்கே அதனை எல்லங்கா என்பார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2017இல் அதனை உலகம் போற்றத்தக்க வேளாண்மை மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

முன்னோர்களின் வேலைத்திறத்துக்குக் குமிழித் தூம்பு ஓர் அத்தாட்சி. கண்மாயின் உள்வாயில் இரண்டு கற்றூண்களை நிறுத்தி, அடியிலுள்ள கற்பெட்டியின் துளையை அடைக்கவும் திறக்கவும் செய்து, கரைக்கு அடியிலுள்ள சுரங்கவழியாக வயலுக்கு ஜலம் விடும் ஏற்பாடு அது. தூம்பு செய்வித்தவரின் பெயர் பொறித்த கல்வெட்டுத் தூண்கள் புதுக்கோட்டைப் பகுதியிற் பல உள்ளன. சித்தன்னவாசற் குகையின் விதானத்தில், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தாமரைத் தடாக ஓவியம் ஒன்று உண்டு. மீன், பறவை, யானை, எருமை, மலர் பறிக்கும் மனிதர் என யாவும் ஒரே குளத்தில் அமைந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், குளம் என்பது வயலுக்கு மாத்திரம் உரியதன்று என்பதை அவர்கள் கண்ணாற் கண்டுகொள்வார்கள்.

குளத்தைக் கூட்டாகப் பேணுவதும் புதிய வழக்கமன்று. செங்கற்பட்டுப் பக்கத்து உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்னும் குழு தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. குடிகளே கூடிக் கரையும் வாரியும் செப்பனிடும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். 1858ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் கரை உடையும் ஆபத்துக் காலங்களில் இதனைச் சட்டக் கடமையாக்கிற்று. 2017இல் தமிழ்நாடு சர்க்கார் அதே பெயரால் ஒரு திட்டம் தொடங்கிற்று. 2018 நவம்பர் 16இல் கஜாப் புயல் இப்பகுதியை அழித்துச் சென்ற பிறகு, 2019இல் பக்கத்துப் பேராவூரணிப் பெரிய குளத்தைக் கடைமடை உழவர்கள் தாங்களே பணம் சேர்த்துத் தூர் வாரினார்கள். தென்னையை இழந்த ஊர்கள் முதலிற் குளத்தை நினைத்தது கவனிக்கத்தக்கது.

4. கற்பிக்கும் முறை

ஸ்காட்லாந்து தேசத்து அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் என்பவர் 1914இல் இந்தியாவுக்கு வந்து பல ஆண்டுகள் இங்கே பணியாற்றினார். மலையுச்சி முதல் கடல் வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒரே படமாக வரைந்து, எந்த இடத்தில் எந்தத் தொழில் செய்யும் மக்கள் வாழ்கிறார்கள் என்று காட்டிக் கற்பிப்பது அவருடைய முறை. கிட்ட உள்ளதைக் கண்டு, பிறகு எட்ட உள்ளதை அறிய வேண்டும் என்பதே அதன் கருத்து. இந்த ஜில்லாப் பள்ளிகளுக்கு ஏற்றவாறு ஐந்து பாடங்களாக அதனை வகுக்கலாம்.

முதற் பாடம், வாசல். மழை பெய்து ஓய்ந்தவுடன் பள்ளி முற்றத்தில் ஜலம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது என்று பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். செலவு ஒன்றும் இல்லை.

இரண்டாம் பாடம், மண் மாதிரி. முற்றத்தில் மண்ணைக் குவித்து ஒரு சரிவு செய்து, மூன்று சிறு கண்மாய்களைப் படிப்படியாக அமைத்து, ஒவ்வொன்றுக்கும் கலிங்கு விட்டு, மேலிருந்து பூவாளியால் ஜலம் ஊற்ற வேண்டும். மூன்றும் முறையே நிரம்புவதைப் பார்த்த பிறகு, முதற் கண்மாயின் கலிங்கின் மேல் ஒரு பிடி களிமண்ணை வைத்து உயர்த்திவிட்டு மறுபடியும் ஊற்ற வேண்டும். மேலுள்ள "வயல்" முழுகும். கரை உடையும் அபாயம் உண்டாகும். கீழுள்ள இரண்டும் காய்ந்து கிடக்கும். கலிங்கில் ஒரு கல்லை ஏற்றி வைப்பதால் வரும் கேட்டைப் பக்கம் பக்கமாக எழுதுவதைக் காட்டிலும் இந்தக் கால்மணி நேரம் நன்றாகக் கற்பிக்கும்.

மூன்றாம் பாடம், மழைமானி. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் நேரான தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளவுகோலால் ஜலத்தின் உயரத்தை அளந்து எழுத வேண்டும். வானிலை இலாகாவும் அந்நேரத்திலேயே மழையைக் கணக்கிடுகிறது.

நான்காம் பாடம், வாரி நடை. மழைக்கு முன்பு, ஆவணி அல்லது புரட்டாசி மாதத்தில் ஒரு நாள், பெரியவர்களுடன் பிள்ளைகள் கண்மாயின் உள்வாயிலிருந்து வரத்துவாரியோடு மேல்நோக்கி நடந்து போக வேண்டும். பிறகு கலிங்கிலிருந்து அடுத்த கண்மாய் வரை கீழ்நோக்கி நடக்க வேண்டும்.

ஐந்தாம் பாடம், படம். நடந்து பார்த்ததைப் பிள்ளைகள் பெரிய தாளில் வரைந்து, கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள கிராம வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். ஓடை, வாரி, கண்மாய், கலிங்கு, மடை, ஊருணி ஆகியவற்றுக்கு வெவ்வேறு வர்ணம் தீட்டலாம். அதன் பிறகே ஜில்லாப் படத்தில் வெள்ளாற்றையும், தேசப் படத்திற் காவேரியையும் கங்கையையும் காட்ட வேண்டும். தன் ஊர் வாரியை வரைந்த பிள்ளைக்குக் கங்கை வெறும் பெயராக இராது.

5. கணக்குப் பாடத்தோடு சேர்த்தல்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். இந்த ஒரு வாய்பாடு போதும். பள்ளிக் கூரை 10 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உடையதானால் பரப்பு 60 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழையில் அக்கூரையில் விழுவது 1,200 லிட்டர். 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 5 கோடி லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கே ஓடிவருவதாகக் கொண்டாலும், கண்மாய்க்கு 1 கோடி லிட்டர் சேர வேண்டும். வாரி பாதி அடைபட்டு அதில் அரைப்பங்கு வேறு வழியிற் சென்றுவிட்டால், ஒரே மழையில் ஊர் இழப்பது 50 லட்சம் லிட்டர்.

ஓட்டத்தை அளக்கவும் வழியுண்டு. வாரியின் நேரான பகுதியில் 10 மீட்டர் அளந்து, ஒரு காய்ந்த நெற்றை மிதக்கவிட வேண்டும். அது 20 விநாடியிற் கடந்தால் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். வாரி 2 மீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் இருந்தால் குறுக்குப் பரப்பு 0.6 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு 300 லிட்டர். மேற்பரப்பு ஜலம் அடியிலுள்ளதைவிட விரைவாக ஓடுமாதலால், பத்தில் எட்டுப் பங்கை மாத்திரம் கொள்ள வேண்டும். அதாவது 240 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 8,64,000 லிட்டர். இந்த அளவைப் பெரியவர் எடுக்க, பிள்ளைகள் கரையில் நின்று கணக்கிடலாம்.

6. முதியோரின் அறிவு

வரைபடத்தில் இல்லாத விஷயங்கள் பல, நீர்பாய்ச்சி வேலை பார்த்த முதியவர்களின் நினைவில் உள்ளன. வாரி நடையில் இப்படி ஒரு சம்பாஷணை நிகழ்வதாக வைத்துக்கொள்ளலாம்.

"தாத்தா, இந்தப் பள்ளம் யார் வெட்டினது?"

"பள்ளம் இல்லை, அப்பு. இதுதான் வாரி. என் சின்ன வயசில் ஆள் முங்கத் தண்ணீர் வரும்."

"இப்போது கருவேல் முள்ளாகக் கிடக்கிறதே?"

"மோட்டார் வந்தது; கண்மாயை எதிர்பார்க்கிறது குறைந்தது. எதிர்பார்க்காததை யார் வெட்டிவிடுவார்கள்?"

"வாரி அடைத்தால் கிணற்றுத் தண்ணீரும் குறையுமா, தாத்தா?"

"கண்மாய் நிறைந்த வருஷம் கிணறு எட்டிப் பார்த்தால் தெரியும். நிறையாத வருஷம் கயிறு எட்டாது. அதைவிட என்ன சொல்ல?"

இந்தக் கடைசி விடையில் ஒரு பெரிய சாஸ்திர உண்மை அடங்கியிருக்கிறது. கண்மாயில் தேங்கிய ஜலம் மெல்லக் கீழிறங்கி நிலத்தடி நீராகிறது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் மிக ஆழம் போயிருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். குழாயை ஆழப்படுத்தக் கடன் வாங்குவதற்கும், வாரியைத் தூர் வாருவதற்கும் உள்ள செலவு வித்தியாசத்தைப் பிள்ளைகளே கணக்கிட்டுப் பார்க்கட்டும். தைல மரத் தோட்டங்களில் மழைநீரை மறிக்கும் வரப்புகளால் தங்கள் கண்மாய்களுக்கு வரத்துக் குறைந்தது என்று இந்த ஜில்லா உழவர்கள் முறையிட்டு வந்திருக்கிறார்கள். நீர்ப்பிடிப்பு என்ற சொல்லின் பொருளை அறிந்த பிள்ளைக்கு அந்த முறையீட்டின் காரணம் விளங்கும்.

7. மனக்கசப்பு உண்டாகும் இடம்

ஒரு விஷயத்தை மறைக்காமற் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் படத்தையும் கிராம வரைபடத்தையும் ஒப்பிடும்போது, வாரி இருக்க வேண்டிய இடத்தில் வாழைத்தோட்டமோ, களத்துமேடோ, வீடோ இருப்பது தெரியவரலாம். அது வேற்றாருடையதாகவே இருக்கும் என்பதில்லை. சங்க அங்கத்தினருடையதாக இருக்கலாம். படம் வரைந்த பிள்ளையின் தகப்பனாருடையதாகவும் இருக்கலாம். அச்சமயம் வகுப்பில் அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் தலைகுனிய வைப்பது தகாது. பிள்ளையைப் புகார்க்காரனாக்குவதும் தகாது. பள்ளியின் கடமை உள்ளதை உள்ளபடி வரைவதோடு முடிகிறது. மேற்கொண்டு செய்ய வேண்டியது பெரியவர்களின் கடமை.

ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆயினும் சட்டத்துக்கு முன்பே ஊர் கூடிப் பேசி, பயிர் அறுவடையானவுடன் வாரியை விட்டுக்கொடுக்கும்படி செய்வது எல்லாருக்கும் நலம். தகப்பன் மறித்த வாரியை மகனுடைய படம் பார்த்துத் தகப்பனே திறந்துவிடுவானாகில், அந்தப் பாடத்துக்கு வேறு பரீக்ஷை வேண்டியதில்லை.

8. எச்சரிக்கை

நிறைந்த கண்மாயிலும், மணல் அள்ளிய ஆற்றுக் குழிகளிலும் பிள்ளைகள் மூழ்கி இறக்கும் துயரம் மழைக்காலந்தோறும் கேட்கப்படுகிறது. ஆற்றுப் பாடத்தின் முதல் விதி இதுவே: பெரியவர் துணையின்றி ஒரு பிள்ளையும் நீர்க்கரைக்குப் போகலாகாது. இருபது பிள்ளைகளுக்கு நீச்சல் அறிந்த பெரியவர் இருவராவது உடன் வர வேண்டும். வாரி நடை வறண்ட நாளில் நடக்க வேண்டும். மேலே இடியும் கருமேகமும் காணப்பட்டால், காட்டாற்றின் மணலில் நிற்கலாகாது. இங்கே மழை இல்லாவிட்டாலும் மேற்கே பெய்த மழை வெள்ளமாக வந்துவிடும். ஆற்று மண்டலம் என்றால் என்ன என்று அறிந்த பிள்ளை இந்த விதியின் காரணத்தையும் அறியும்.

9. சங்கங்கள் செய்யத்தக்கவை

(அ) பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள பெற்றோர் வழியாகத் தலைமை உபாத்தியாயரைக் கலந்து, வருஷத்துக்கு ஒரு வாரி நடைக்கு நாள் குறிக்கலாம்.

(ஆ) ஊரில் வாரி, மடை, கலிங்கு விவரம் அறிந்த முதியோர் இருவரை அழைத்து, அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். மூதாட்டிகளையும் விட்டுவிடலாகாது, ஊருணி விவரம் அவர்களுக்கே நன்கு தெரியும்.

(இ) சங்கக் கட்டிடச் சுவரில் ஒரு கரும்பலகை வைத்து, பிள்ளைகள் அளந்த மழையளவையும் கண்மாயின் நீர்மட்டத்தையும் மழைக்காலம் முழுவதும் எழுதச் செய்யலாம். எந்தப் பயிர் இடுவது, எவ்வளவு கடன் வாங்குவது என்று யோசிக்கும் அங்கத்தினருக்கு அது பயன்படும்.

(ஈ) துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், பொது நன்மை நிதியிலிருந்து தாள், வர்ணம், அளவுநாடா முதலியவற்றுக்குச் சிறு தொகை ஒதுக்கலாம்.

(உ) பிள்ளைகள் வரைந்த படத்தைச் சட்டமிட்டுச் சங்க அலுவலகத்தில் மாட்டி, ஒரு பிரதியை மேலூர், கீழூர்ச் சங்கங்களுக்கும் அனுப்பலாம். மூன்று ஊர்ப் படங்களும் ஒன்றோடொன்று பொருந்துமாயின், கண்மாய்த் தொடர் முழுவதும் ஒரே பார்வையில் வந்துவிடும். ஜலத் தகராறு உண்டாகும் காலத்தில் அது பேச்சுக்கு ஆதாரமாகவும் நிற்கும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. புதிய உத்தரவும் தேவையில்லை. ஒரு தகர டப்பா, ஒரு பெரிய தாள், ஒரு நாள் நடை, இரு முதியவர்கள் ஆகியவை எந்த ஊரிலும் கிடைப்பவை. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று வைத்துக்கொண்டால் போதும். அவ்வருஷம் கலிங்கு மறுகால் பாயும்போது, அந்த ஜலம் எங்கே போகிறது என்று ஊர்ப் பிள்ளை ஒன்று தன் கையால் வரைந்த படத்தைக் கொண்டு சொல்லும்.